ஐந்தில் ஒரு பெட்டி

அலுவலகத்து அக்காவிடம் எதையும் பேச்சுக்காகக் கேட்கக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டின்போது அவருக்கு எதிரே இடம் கிடைத்தது. புது ஆள், ஏதாவது பேச வேண்டுமே என்று, இங்கே கேன்டீன் சாம்பார் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். "நேத்து நல்லா இருந்துச்சு. இன்னிக்கு நான் இன்னும் வாயில வைக்கல" என்றார். பிறகு ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டு, விழுங்கி, கொஞ்சம் யோசித்து, "உப்பு கம்மி" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எங்கள் அலுவலகம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் மேசையில் டீ டம்ளருக்குள் வட்டம் வட்டமாக அலை எழும். அங்கே நாற்பது பேர் உட்கார்ந்து, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல்களுக்கு கேம் செய்துகொண்டிருந்தோம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவற்றை வெளியிடும். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து வானகரத்தில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தவள். அவர் நெமிலிச்சேரிக்காரர். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம். தினமும் மின்சார ரயிலில் பட்டரவாக்கம் வந்து, அங்கிருந்து வேகமாக நடந்து வருவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அலுவலகமே அவரை அக்கா என்று கூப்பிட்டது. முதலாளி மட்டும் அந்தம்மா என்பார்.

வெளிநாட்டுக்காரர்களுடன் நறுக்குத் தெறித்தாற்போல ஆங்கிலம் பேசுவார். போனை வைத்த அடுத்த நொடி, "இன்னா கேக்குறானுங்கன்னு அவனுங்களுக்கே தெர்ல" என்பார். தன் பேச்சை எங்களுக்காக மாற்றிக்கொண்டதே இல்லை. யாராவது ஒரு விஷயத்தைச் சொன்னால் அதைப் பார்த்தாயா, கேள்விப்பட்டாயா என்று முதலில் கேட்பார். கேள்விப்பட்டது என்றால் சரி என்று தலையாட்டுவார். ஆனால் அதை வைத்து எதையும் செய்ய மாட்டார்.

அவருடைய குழுவில் இருந்த ஜெயசீலன் பட்டாபிராம்காரர். அவர்தான் அந்த நிலத்துக் கதையை எனக்குச் சொன்னார். அக்காவின் வீட்டுக்கு ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் நிலம் மிச்சம் இருந்திருக்கிறது. அண்ணன் அதை மனை போட ஒருவருக்கு விற்கப் பேசி, எல்லாம் முடிவாகி, வாங்குகிறவர் மனைவியோடு கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். நல்ல வெயில் காலம். நிலம் காய்ந்து கிடந்தது. அந்த அம்மாள் சும்மா, பெண்ணுக்குப் பெண் கேட்கிற மாதிரி, மழைக்கு இங்கே தண்ணீர் நிற்குமா என்று அக்காவிடம் கேட்டார். நிற்கும் என்றார் அக்கா. எவ்வளவு நிற்கும் என்றதற்கு முட்டிக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். வந்தவர்கள் காரை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான். அண்ணன் இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே சமையல், பேச்சு மட்டும் கிடையாது.

ஜெயசீலன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அது எங்களுக்கும் நடக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

அக்கா செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கேமில் ஒரு பீப்பாய் படியில் உருண்டு விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும், கார் சுவரில் மோதினால் எங்கே நசுங்கும், துணி காற்றில் எப்படிப் படபடக்கும் என்பதையெல்லாம் நொடிக்கு நொடி கணக்குப் போட ஒரு நிரல் வேண்டும். ஃபிசிக்ஸ் எஞ்சின் என்பார்கள். எங்கள் நிறுவனத்துக்கு அதை ஐந்து வருஷமாக எழுதி வளர்த்தவர் அவர். அவருக்குக் கீழே ஜெயசீலனும் இன்னும் இரண்டு பேரும். அதை நாங்கள் அக்கா எஞ்சின் என்றே சொல்வோம்.

அந்தச் சமயத்தில்தான் புதிய கன்சோல் ஒன்று வரப்போவதாக இருந்தது. அதன் வேகத்துக்கு ஏற்ற மாதிரி கேம் செய்ய வேண்டுமென்றால் ஆளும் காலமும் இரட்டிப்பாக வேண்டும். எங்களைப் போன்ற சின்ன இடங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கேம் இல்லாத கன்சோலை யார் வாங்குவார்கள்? ஆகவே கன்சோல் தயாரிப்பாளர்களே ஒரு வழி செய்தார்கள். வேறொரு நிறுவனம் எழுதி வைத்திருந்த ஃபிசிக்ஸ் எஞ்சினுக்கு மொத்தமாக உரிமம் வாங்கி, தங்கள் கன்சோலுக்கு கேம் செய்கிற எல்லோருக்கும் சும்மா கொடுத்தார்கள். மெஷினுக்கும் கேமுக்கும் நடுவில் நிற்கிற இந்த மாதிரி ரெடிமேட் நிரல்களுக்கு மிடில்வேர் என்று பெயர். ஆளாளுக்கு அதையே திரும்பத் திரும்ப எழுத வேண்டாம், செலவு பாதியாகும் என்பது அவர்கள் எண்ணம். ஒரு நிபந்தனை. பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்க முடியாது.

முதலாளிக்கு இது தெய்வம் கொடுத்த வரம். அக்காவைக் கூப்பிட்டு, மூன்று வாரத்தில் இரண்டு எஞ்சினையும் ஒப்பிட்டு எது மேல் என்று எழுதித் தரச் சொன்னார். அவர்களுடையது மேல் என்றால் நான்கு பேர் கொண்ட குழு எதற்கு? இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியின் அறைக்குப் போய், இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் சார், அவர் எழுதியதற்கு அவரையே தீர்ப்பு எழுதச் சொல்வது நியாயமில்லை என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேற யாருகிட்ட குடுத்தாலும் அந்தம்மாவுக்காகப் பொய் சொல்வாங்கம்மா."

அந்த மூன்று வாரமும் குழுவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்கா பன்னிரண்டு சோதனைக் காட்சிகள் தேர்ந்தெடுத்தார். அதில் ஆறு, எங்கள் எஞ்சின் நன்றாகச் செய்பவை. மற்ற ஆறு, அது தடுமாறும் என்று அவருக்கே தெரிந்தவை. ஜெயசீலன் அவர் மேசைக்குப் போய் மெதுவாக வாதாடினார். நம் கேமில் வராத காட்சியை எதற்குச் சோதிக்க வேண்டும், நூறு கற்கள் சரியும் காட்சி நமக்கு எதற்கு என்றார். அக்கா, அடுத்த கேமில் வரும் என்றார். ஜெயசீலனின் மகள் அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். அவர் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்னேன். ஒரே ஒரு காட்சி, அந்தக் கற்கள் சரிகிறதை மட்டும் விட்டுவிடுங்கள் அக்கா, யாருக்கும் தெரியப்போவதில்லை என்றேன். அவர் டிபன் பாக்ஸை மூடினார். "நீ எய்து. உன் பேரப் போட்டுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். என்னால் எழுத முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, எல்லோரையும் உட்காரவைத்து அறிக்கையை வாசித்தார். ஒன்பதில் அவர்களுடையது மேல். ஒன்றில் சமம். இரண்டில் எங்களுடையது மேல். தன் ஐந்து வருஷத்தை மின்கட்டண அட்டையைப் படிக்கிற குரலில் வாசித்தார். கடைசியில் ஒரு பக்கம் இருந்தது. தனக்குத் தெரியாதவை என்று தலைப்பு. அது பல மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் என்ன ஆகும் என்று பார்க்க நேரம் இல்லை. உள்ளே திறக்க முடியாததால் கெட்டுப்போனால் நாம் சரிசெய்ய முடியுமா தெரியாது. அடுத்த கன்சோலுக்கு இந்த உரிமம் தொடருமா தெரியாது. முதலாளி அந்தப் பக்கம் வருவதற்குள் எழுந்து கை கொடுத்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் மூன்று பேருக்கு வேலை போனது. அக்காவை வைத்துக்கொண்டார்கள். புதியதை கேமுக்குள் பொருத்த ஆள் வேண்டுமே. ஜெயசீலன் போகும்போது வாசல் கேட் அருகில் நின்று, நாங்கள் எல்லோரும் பார்க்க அவரிடம் சொன்னார்: "உங்களுக்கு மனுஷங்க முக்கியமில்லக்கா. நம்பர் சரியா வந்தா போதும்." அவருடைய பைக் எஸ்டேட் முனை திரும்புகிற வரைக்கும் அக்கா அங்கேயே நின்றார். ஜெயசீலனுக்கு இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த வார்த்தை அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. அவரோடு சாப்பிட உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். நான் உட்கார்ந்தேன். ஆனால் நானும் மனசுக்குள் ஜெயசீலன் பக்கம்தான் இருந்தேன்.

புதிய எஞ்சின் வந்த பிறகு வேலை உண்மையிலேயே வேகமாக நடந்தது. ஒரு வருஷம் ஆக வேண்டியது ஏழு மாதத்தில் முடிந்தது. கற்கள் அழகாகச் சரிந்தன. அக்காவே, "நல்லா கீது" என்று ஒருமுறை சொன்னார்.

கேமை வெளியிடுவதற்கு முன் கன்சோல் தயாரிப்பாளரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதில் ஒரு வரி: இருபத்துநான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டோம், ஒருமுறையும் நிற்கவில்லை. அதன் கீழே பொறுப்பானவர் கையெழுத்து. ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். தவறினால் அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியிடும் நிறுவனம் அவ்வளவு நாள் பொறுக்காது, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் என்று முதலாளி எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு ஐந்து சோதனைக் கன்சோல் பெட்டிகளில் கேமை ஓடவிட்டோம். புதன் காலை பத்து மணிக்கு நான் வந்தபோது அக்கா மூன்றாவது பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் ஒரு சுவர் பாதி இடிந்து, கற்கள் அந்தரத்தில் அப்படியே நின்றன. பொத்தானை அமுக்கினால் அசைவில்லை. பத்தொன்பது மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. மற்ற நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. நின்ற நொடியில் பெட்டியின் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதை ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டார். அன்று மதியம் ஐந்தையும் திரும்ப ஓடவிட்டோம். வியாழன் மதியம் வரை ஐந்தும் நிற்காமல் ஓடின.

மிடில்வேர்க்காரர்களுக்கு எழுதிக் கேட்டோம். தங்களிடம் அப்படி ஒரு புகாரும் இல்லை என்று நயமாகப் பதில் வந்தது. முதலாளி, கீழே லேத் ஓடும்போது கரன்ட் ஏறி இறங்கியிருக்கும் என்றார். இருக்கலாம் என்றார் அக்கா. அப்படியென்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றார் முதலாளி. அக்கா, பத்துமுறை ஓடியதில் ஒருமுறை நின்றது, காரணம் தெரியவில்லை என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அப்படி எழுதினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மூவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசையில் புதுப் படிவம் இருந்தது. பொறுப்பானவர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. அவர் கட்டாயப்படுத்தவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினார், அவ்வளவுதான். போன மாதம் கல்யாணமானவன் ஒருவன். அம்மாவுக்கு டயாலிசிஸ் பார்க்கிறவள் ஒருத்தி. நானும் அவர்களில் ஒருத்திதான். பேனாவை எடுத்துப் போட்டுவிட்டேன். கை நடுங்கக்கூட இல்லை.

திரும்பி வந்தபோது அக்கா, "போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார். திங்கட்கிழமை எப்போதும் போல எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், தன் டப்பாவிலிருந்து வாழைக்காய் வறுவல் எடுத்து என் தட்டில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

கேமுக்கு ஒப்புதல் கிடைத்தது. வெளியானது. ஓரளவு விற்றது. அலுவலகத்தில் பிரியாணி போட்டார்கள். நான் அந்தக் கையெழுத்தை மறக்க ஆரம்பித்திருந்தேன்.

நான்கு மாதம் கழித்து கன்சோல் தயாரிப்பாளரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த மிடில்வேரைப் பயன்படுத்திய சில கேம்கள் பல மணி நேரம் ஓடியபின் உறைந்து நிற்கின்றன, விளையாடுகிறவர்கள் சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துபோகிறது, காரணம் பிடிபடவில்லை. சோதனையின்போது இப்படி எதையாவது யாராவது பார்த்திருந்தால் விவரத்துடன் ஒரு வாரத்துக்குள் எழுதவும். அக்காவுக்கும் எனக்கும் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் வந்தது. ஐந்தே நிமிஷத்தில் முதலாளி என் மேசைக்கு வந்துவிட்டார். எங்களிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னார். பொய்யாகக் கையெழுத்திட்டது தெரிந்தால் அங்கீகரிக்கப்பட்டவர்கள் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

புதன்கிழமை மதியம் அக்கா என்னை எஸ்டேட் முனையிலிருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். டீ சொன்னார். வந்த பிறகு ஆரம்பித்தார்.

"அந்த ஃபைலு என்னாண்ட கீது. நான் அனுப்பப் போறேன். அனுப்புனா அதுல தேதி இருக்கும், உன் கையெய்த்து பொய்யின்னு தெரிஞ்சிபூடும். அதான் உன்னாண்ட மொதல்ல சொல்றேன்."

எப்போது என்று கேட்டேன். இன்றைக்கு நான்கு மணிக்கு என்றார்.

நான் கெஞ்சினேன். கேட்கவில்லை என்றதும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஜெயசீலன் சொன்னது சரிதான் என்றேன். மூன்று பேர் வேலையைத் தின்றீர்கள், இப்போது என் வேலையா, உங்கள் அண்ணன் பேசாமல் இருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது என்றேன். உலகத்தில் யார் எக்கேடு கெட்டாலும் நீங்கள் சுத்தமாக இருக்க வேண்டும், அதுதானே என்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பட்டறை ஆட்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் டம்ளரை பெஞ்சில் வைக்கப்போனார். டீ தளும்பி அவர் விரலில் கொட்டியது. அப்போதுதான் கவனித்தேன், அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"காத்தாலேந்து இப்டிதான் கீது. ட்ரெய்ன்ல கம்பியப் புடிச்சிகினே வந்தேன். நீ நினைக்கிற மாதிரி எனக்கு பயமில்லாம இல்ல" என்றார். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்ல எனக்கு தெரியாதுன்னும் இல்ல. ஒரு தபா சொல்லிட்டேன்னா, அப்பறம் எத்த நான் பாத்தேன், எத்த சொன்னேன்னு எனக்கே தெரியாம பூடும். அப்பறம் எத்த வச்சிகினு நான் வேல செய்யறது?"

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு அக்கா முன்னால் நடந்தார்.

மாடி ஏறும்போது எனக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னால் அவர் அக்காவின் கம்ப்யூட்டரை நிறுத்திவிடலாம். அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. பிறகு திரும்பி என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சுற்றறிக்கைக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். இன்ன தேதியில், இத்தனை மணி நேரம் ஓடியபின், ஐந்தில் ஒரு பெட்டி நின்றது. அதை நான் கண்ணால் பார்த்தேன். தெரிந்தே படிவத்தில் கையெழுத்திட்டேன். எங்கள் பொறியாளர் கையெழுத்திட மறுத்துவிட்டார். நான்கு வாக்கியம் எழுத ஒரு மணி நேரம் ஆனது.

மூன்றே முக்காலுக்கு அக்காவை என் மேசைக்குக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே திரையைப் படித்தார். கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். தன்னைப் பற்றி அதில் எதற்கு என்றார். நடந்ததுதானே என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோப்பை அதோடு இணைத்தார். அனுப்பும் பொத்தானை நான்தான் அமுக்கினேன். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. தரையின் அதிர்வு பாதம் வழியாக முழங்கால் வரைக்கும் ஏறியது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அலுவலகத்தில் என்னோடும் அக்காவோடும் யாரும் பேசவில்லை. விஷயம் எப்படியோ பரவியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், எங்களைச் சுற்றி இரண்டு மேசை காலியாக இருந்தது. அம்மாவுக்கு டயாலிசிஸ் பார்க்கிற பெண் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமலே போனாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் நாள் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது எங்களைப் போலப் பலருக்கும் போனது. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது, திருத்திய மிடில்வேர் இணைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது. எங்கள் கோப்பில்தான் அது அகப்பட்டிருந்தது. வேறு நாடுகளில் இன்னும் சிலரும் சோதனையில் அதைப் பார்த்திருந்தார்களாம். கரன்ட் என்றோ, தங்கள் தவறு என்றோ நினைத்து ஒருவரும் எழுதவில்லை. எல்லோரும் ஒரே நிரலை வாங்கி வைத்திருந்தோம், எல்லோரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டோம். இரண்டாவது கடிதம் எங்களுக்கு மட்டும். பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஆனால் இனி எங்கள் படிவங்களில் என் கையெழுத்தை ஏற்க மாட்டார்கள்.

கையெழுத்துப் போட முடியாதவளுக்கு அந்தப் பொறுப்பில் வேலை இல்லை. முதலாளி அன்றைக்கே சொல்லிவிட்டார். அக்காவை அவர் தொடவில்லை. அக்கா இல்லாமல் அங்கே எதுவும் நகராது.

கடைசி நாளில் அக்கா என்னோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வந்தார். அவரும் ராஜினாமா செய்வார் என்று எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதை நான் கேட்காமலே அவர் புரிந்துகொண்டார். தான் போனால் என் வேலை திரும்பி வராது, இங்கே முப்பத்தாறு பேர் இருக்கிறார்கள் என்றார். உண்மைதான். ஆனாலும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் வேலை கிடைக்கவில்லை. படிவ விஷயம் எப்படியோ நான்கு இடத்துக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் போரூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கருவிக்குள் ஓடும் நிரல்களைச் சோதிக்கும் வேலை. இரண்டாவது தடவை போனபோது அங்கிருந்த மேலாளர், வயதான மனிதர், என் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்ததாகச் சொன்னார். முதலாளி பேச மறுத்து, ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். மேலாளர் தன் முன்னாலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். அக்கா பேசியதை அப்படியே எழுதி வைத்திருந்தார்.

"தேதி தவறமாட்டாங்க. ஆளுங்கள அதட்டமாட்டாங்க. ஒரு தபா தெரிஞ்சே பொய்க் கையெய்த்து போட்டாங்க. அப்பறம் அத்த அவங்களே எய்தி அனுப்புனாங்க. அன்னிக்கு நான் பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன்."

மேலாளர் தாளை வைத்துவிட்டு, இதில் ஏதாவது தவறா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். திங்கட்கிழமை சேரச் சொன்னார்.

வெளியே வந்து, போரூர் ஏரிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். வேலை கிடைத்ததைச் சொன்னேன். கையெழுத்து விஷயத்தை ஏன் சொன்னீர்கள் என்று கேட்க நினைத்திருந்தேன், அது வரவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் மூக்கை உறிஞ்சியது அந்தப் பக்கம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அயுவறியா இன்னா?" என்றார்.

ஆமாம் என்றேன்.